எண்ணெய் இறங்கிய நிலம்

கல்யாணமாகி வந்த நான்காம் வருஷம்தான், நான் என்ன படித்திருக்கிறேன் என்று மாமியார் முதன்முதலாகக் கேட்டார். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. பெண் பார்க்க வந்தபோது டிகிரி என்று சொல்லியிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது. மைக்ரோபயாலஜி என்று முழுப் பெயரையும் சொன்ன என் அப்பாவிடம், டீச்சர் வேலைக்கு ஆகுமா என்று மட்டும் விசாரித்தார்களாம். ஆகாது என்றதும் பேச்சு நகைக்குப் போய்விட்டது.

ஆரம்பாக்கத்தை ஒட்டிய கிராமம். மாமனார் இல்லை. ஒன்றரை ஏக்கர் நஞ்சை, மாமியார் பேரில். கணவருக்குத் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குச் சமைப்பதும், அவர் பகலில் தூங்கும்போது சத்தமில்லாமல் பாத்திரம் கழுவுவதுமாக என் நாட்கள் போயின. புத்தகங்களைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அவை அரிசி டிரம்முக்குப் பின்னால், எலிக்குப் பயந்து பாலித்தீன் பையில் கட்டிக் கிடந்தன.

நிலத்துக்கு மேற்கே மேட்டில் ஒரு கம்பி ஆலை. பழைய இரும்பை உலையில் காய்ச்சி, கட்டடக் கம்பியாக இழுக்கிற இடம். அதன் மதில்தான் எங்கள் வரப்புக்கு எல்லை. அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தபோது, உலை எரிக்க வைத்திருந்த எண்ணெய்த் தொட்டியின் குழாய் உடைந்துவிட்டது. டீசலைவிடக் கொஞ்சம் கனமான எண்ணெய் அது. மழைத்தண்ணீரோடு கலந்து, மதிலின் வடிகால் ஓட்டைகள் வழியாக எங்கள் வயலில் இறங்கியது. வயல் நிரம்பியதும் வாய்க்காலில் வழிந்து, கீழே காலனிக்குப் பக்கத்தில் இருக்கும் புறம்போக்குக் குட்டைக்குப் போனது.

நட்டு ஒரு மாதம் ஆன நெல். தண்ணீர் வடிந்தபோது எண்ணெய் வடியவில்லை. தூர்களில் கறுப்பாகப் படிந்து, மண்ணில் ஊறி, பயிரை அடியிலிருந்து எரித்தது. நான்கைந்து நாளில் வயல் முழுவதும் வைக்கோல் நிறம். மாமியார் வரப்பில் நின்று ஒரு தூரைப் பிடுங்கி, வேரை மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அழவில்லை. திட்டவும் இல்லை. அவர் திட்டாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆலை மேனேஜர் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்தார். ஊர்க்காரர்கள் மதிலோரம் கூடியிருந்தார்கள். அந்தப் போக நெல்லுக்கு ஈடு கொடுத்துவிடுவதாகவும், மேல் மண்ணை ஒரு முழ ஆழத்துக்குச் சுரண்டி லாரியில் எடுத்துப் போய்விட்டுப் புது மண் கொட்டித் தருவதாகவும் சொன்னார். மாமியாருக்கு அதில் ஈடு காதில் விழவில்லை, சுரண்டுவதுதான் விழுந்தது.

"மேல் மண்ண வாரிகினு பூட்டா அடியில இன்னா கீது? சவுடுதான் கீது. சவுட்டுல யாரு நெல்லு போடுவா?" என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்பங்கரைக்கு வந்தவர், வாசல்படியிலேயே நின்றார். "நீ இன்னாம்மா படிச்ச? பூச்சி படிப்புன்னு சொன்னாங்களே. இதுக்கு அதுல எதுனா வழி சொல்லிக் குடுத்தாங்களா?"

சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாலித்தீன் பையை அவிழ்த்தேன். எனக்கு ஞாபகம் இருந்த வரைக்கும் சரிதானா என்று அந்தப் பாடத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டு, அவரிடம் சொன்னேன். எண்ணெயைத் தின்கிற பாக்டீரியா நம் மண்ணிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டாம். ஆனால் எண்ணெயில் இருப்பதெல்லாம் கரி, கார்பன். அதை மட்டும் தின்று எந்த உயிரும் குஞ்சு பொரிக்காது. உடம்பு கட்டத் தழைச்சத்து வேண்டும், மணிச்சத்து வேண்டும். நம் வயலில் இருந்த கொஞ்ச நஞ்சத்தை முதல் வாரத்திலேயே தின்று தீர்த்திருக்கும். இப்போது மலை போல எண்ணெய் எதிரே கிடக்க, பெருக முடியாமல் சும்மா கிடக்கும். நாம் சத்தைக் கொடுத்து, காற்றும் ஈரமும் கொடுத்தால், அது எண்ணெயைத் தின்னும்.

மாமியார் முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ யூரியா கேக்குது" என்றார்.

"யூரியாவும், மணிச்சத்துக்குச் சூப்பர் பாஸ்பேட்டும்."

"நெல்லுக்குப் போடறதுதான." அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நெல் தின்னாவிட்டால் வேறு ஏதோ தின்கிறது.

என் கணவருக்கு இதில் விருப்பம் இல்லை. கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு விட வேண்டியதுதானே, எதற்கு இந்தப் பேஜாரு என்றார். மேனேஜரோ உடனே ஒப்புக்கொண்டார். உரம், டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாம் ஆலையே தரும் என்றார். மண்ணை லாரியில் ஏற்றி, அதற்கென்று இருக்கும் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டுவதைவிட இது அவருக்கு எத்தனை மலிவு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஒருவர் என் படிப்பை நம்புகிறார் என்று நினைத்தேன்.

தை பிறந்து வயல் காய்ந்ததும் ஆரம்பித்தோம். தண்ணீர் கட்டி நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது; அதனால் அதுவரை பொறுக்க வேண்டியிருந்தது. ரோட்டவேட்டர் போட்டுக் கட்டிகளை உடைத்தோம். எரு கொட்டிக் கலந்தோம். உதவிக்குக் காலனியிலிருந்து ஓர் அக்கா வந்தார். முன்பெல்லாம் எங்கள் வயலில் நாற்று நட்டவர். இப்போது சிப்காட்டில் ஒரு கேன்டீனில் நாஷ்டா செய்கிற வேலை. மதியத்துக்கு மேல் வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து வருவார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவது மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு ஆள் கிடைக்கவில்லை, அதனால் பொறுத்துக்கொண்டார்.

கல்லூரியில் ஒரு கணக்கு மனப்பாடம் செய்திருந்தோம். நூறு பங்கு கரிக்குப் பத்து பங்கு தழைச்சத்து, ஒரு பங்கு மணிச்சத்து. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கியதோடு சரி. அதை முறத்தில் அள்ளி வீசும் யூரியாவாக மாற்றுவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. மண்ணில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்கே வரும். ஆலைச் செலவில் சென்னைக்கு மண் அனுப்பிப் பார்த்தோம். அப்புறம் பிரித்துப் பிரித்து, கொஞ்சம் போட்டு, பார்த்து, மறுபடி கொஞ்சம் என்று போனேன்.

இந்தக் கொஞ்சம் கொஞ்சம் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நான் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் கிழக்கு மூலையில் தாராளமாக வீசித் தண்ணீரும் தெளித்துவிட்டார். மறுநாள் அந்தப் பக்கம் போனால் கண் எரிந்தது. பஸ் ஸ்டாண்டு கழிப்பிட நாற்றம். மண்ணைக் கையில் எடுத்தால் செத்த மண் என்று விரலுக்கே தெரிந்தது. அளவுக்கு மேல் போனால் அந்தச் சத்தே விஷம், அது தின்ன வந்ததையே கொன்றுவிடும் என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"பட்டினியில கீறதுக்கு அள்ளிப் போட்டா குத்தமா?" என்று கேட்டுவிட்டுப் போனவர், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் அவரே வைக்கோல் வெட்டிக் கூடையில் கொண்டுவந்தார். அதிகப்படித் தழைச்சத்தை வைக்கோல் இழுத்துக்கொள்ளும் என்று நான் அக்காவிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறார். மூன்று பேரும் சேர்ந்து அந்த மூலையைப் புரட்டினோம்.

அடுத்த தொல்லை ஆலையிலிருந்து வந்தது. யூரியா மட்டும் வந்துகொண்டிருந்தது, சூப்பர் வரவில்லை. கேட்டால் ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் யூரியாவே வந்தது. மண் ஒரு நிலையில் நின்றுவிட்டது. சோறு இருக்கிறது, உப்பு இல்லை என்கிற மாதிரி. ஆலை ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கும் மறுநாள் மாமியார் என்னோடு வந்தார். செக்யூரிட்டி எங்கள் ஊர்க்காரர். அவருடைய கல்யாணத்தில் தான் பந்தி பரிமாறியதைப் பற்றி மாமியார் உரக்கப் பேச ஆரம்பித்ததும் கேட் திறந்தது. அந்த வாரமே சூப்பர் வந்துவிட்டது.

அந்த வெயில் காலம் முழுவதும் போர் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மண்ணைப் புரட்டினோம். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஜன்னலில் வைப்பேன். முதலில் மேலே தடித்த கறுப்பு ஏடு மிதந்தது. பிறகு வானவில் மாதிரி மெல்லிய படலம். ஆடியில் ஒருநாள் அதுவும் இல்லை. மண் வாசனை மாறியிருந்தது. பெட்ரோல் பங்க் நாற்றம் போய், மழைக்கு முன் வருமே, அந்த வாசனை. ஒரு தொட்டியில் பச்சைப்பயறு போட்டேன். எல்லாம் முளைத்தன. மாமியார் அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீடுகளுக்குக் காட்டினார். "எங்க ஊட்டுப் பொண்ணு பண்ணது" என்று சொன்னாராம். நான் அந்த வீட்டில் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான். வேறு மாதங்கள் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அக்கா அப்போதுதான் கேட்டார். குட்டைப் பக்கம் போன எண்ணெய் அப்படியே கிடக்கிறது, ஆடுகள் அங்கே வாய் வைப்பதில்லை, அந்தக் கரை மண்ணுக்கும் இதே மருந்து ஆகுமா என்று. ஆகும் என்றேன். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் மரியாதையாகவே பதில் சொன்னார்.

"அது புறம்போக்கும்மா. யார் பேர்லயும் பட்டா இல்ல. யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல. நாங்க யாருக்குன்னு செய்யறது?"

மிச்சம் இருந்த மூட்டைகளை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மாமியார் முணுமுணுத்தார், தடுக்கவில்லை. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் தன் பங்குக்குக் குட்டைக் கரையில் ஓர் ஓரமாக மண்வெட்டியால் புரட்ட ஆரம்பித்தார்.

நாங்கள் அந்தச் சம்பாவுக்கு நட்டோம். பயிருக்கென்று உரமே போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போடவில்லை. இருந்தும் மண்ணில் தங்கியிருந்த தழைச்சத்தில் பயிர் கரும்பச்சையாக, இடுப்புக்கு மேல் வளர்ந்தது. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பயம். அவ்வளவு பச்சை நல்லதில்லை. கார்த்திகை மழை ஒன்று அடித்ததும் பாய் விரித்தமாதிரி மொத்தமும் சாய்ந்தது. இலையைப் புழு சுருட்டியது. அறுத்தபோது பாதி பதர்.

மீதியை வாங்க வந்த நெல் வியாபாரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். நாற்றம் எதுவும் இல்லை. அவருக்கே தெரிந்தது. "ஆலை எண்ணெ நெல்லுன்னு பேராயிடுச்சிம்மா. மில்லுல வாங்க மாட்டான். என்னை இன்னா பண்ணச் சொல்ற" என்று கையை உதறிவிட்டுப் போனார். வேறு இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அடுத்த வயல் நெல் அதே வியாபாரியின் வண்டியில் போனது.

அந்த அரிசியை நாங்களே ஆக்கினோம். கணவர் தொடவில்லை. கம்பெனி கேன்டீனிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தார். மாமியாரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றோம். சோறு சோறாகத்தான் இருந்தது. அதைத் தின்ன எங்களுக்குத் தைரியம் இருந்தது என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. அவருக்கு என்ன இருந்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும் போலிருக்கிறது.

பங்குனியில் மேனேஜர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர்கள், ஷூ போட்டவர்கள். வயலில் அங்கங்கே குழி தோண்டிப் பார்த்தார்கள். என் கணவர் அன்று லீவு போட்டிருந்தார். "என் ஒய்ஃப்தான் எல்லாம் பண்ணது, மைக்ரோபயாலஜி" என்று அவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதில்லை. மோர் கலந்து கொடுத்தேன். கேட்டதற்கெல்லாம் விளக்கமாகப் பதில் சொன்னேன். தழைச்சத்து, மணிச்சத்து, காற்று, ஈரம், பாட்டில், பச்சைப்பயறு எல்லாம். ஒருவர் போனில் என்னைப் பேச வைத்துப் பதிவுகூடச் செய்துகொண்டார். நல்ல வேலை, வெரி குட் என்றார். அன்று முழுவதும் நான் தரையில் நடக்கவில்லை.

அவர்கள் ஆலையை விரிவுபடுத்த இடம் பார்க்க வந்தவர்கள் என்று எனக்கு மூன்றாம் நாள் தெரிந்தது. அதுவும் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி. ஆலை பக்கத்தில் கெட்ட மண் என்று இருந்தால் விரிவாக்கத்துக்கு அனுமதி கிடைக்காதாம். இப்போது மண் சுத்தம். கணவர் ஆறேழு மாதமாகவே மேனேஜரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். மாமியார் நிலத்தை விற்கச் சம்மதித்துக் கைநாட்டும் வைத்துவிட்டார்.

நான் அவரிடம் போய் நின்றேன். கேட்க நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான். "விக்கறதுக்கா அத்தே இவ்ளோ பாடுபட்டோம்?"

அவர் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வயல் அரிசிதான். "நெல்லு போட்டா எவன் வாங்கறான்? நீயும்தான பாத்த. எம் புள்ளயும் மீஞ்சூர்ல ஊடு வாங்கலாம்னு நாளெல்லாம் சொல்லிகினே கீறான்." முறத்தைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார். அதற்கு முன்பு பிடித்ததில்லை. "கெட்டுப் போய் கெடந்திருந்தா எவன் சீண்டியிருப்பான் சொல்லு. ஒண்ணத்துக்கும் ஆவாத மண்ண வெல போற மாதிரி பண்ணது நீதாம்மா. ஒன் கைராசி."

அவர் கண் கலங்கியிருந்தது. குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே நன்றி சொன்னார். திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

கணவரிடம் கேட்டபோது, உன்னிடம் சொன்னால் நீ ஒத்துக்கொண்டிருப்பாயா என்று திருப்பிக் கேட்டார். மாட்டேன்தான். அப்புறம் என்ன என்றார்.

கிராவல் ஏற்றிய லாரிகள் வந்தபோது வரப்பில் போய் நின்றேன். வரப்பு என்று அப்போது ஒன்றும் மிச்சமில்லை. அக்கா வேலை முடிந்து அந்த வழியாக வந்தவர் பக்கத்தில் வந்து நின்றார். மாதக்கணக்கில் நாங்கள் கையால் உதிர்த்த மண் மேல் செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டி, அதன் மேல் கான்கிரீட் போட்டார்கள். லாரி எடை போடும் மேடை அங்கே வந்தது. அடியில் காற்று போகாது, தண்ணீர் போகாது. உயிரோடு இருந்ததெல்லாம் அப்படியே அடங்கும்.

"எங்கள விடு," என்றார் அக்கா. "உன்னியே ஒரு வார்த்த கேக்கலியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

மீஞ்சூருக்குக் குடிவந்தோம். ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் இரண்டாம் மாடி. ஆலையின் புதுப் பகுதியைத் திறந்தபோது எங்களையும் அழைத்தார்கள். கேட் பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு பெரிய பலகை. எண்ணெய் படிந்த நிலத்தை இயற்கை முறையில் மீட்டெடுத்த ஆலை என்று எழுதி, யாருடையதோ ஒரு வயல் படம் போட்டிருந்தார்கள். ஒத்துழைத்த விவசாயக் குடும்பத்துக்கு மரியாதை என்று சொல்லிச் சால்வையை என் கணவர் தோளில் போர்த்தினார்கள். அவர் என்னைப் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினார். மாமியார் கைதட்டினார். நானும் தட்டினேன், எல்லோரும் தட்டியதால்.

வேலை தேடினேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு மருந்து கம்பெனி லேபில் இன்டர்வியூ. அனுபவம் கேட்டார்கள். நிலத்தைச் சொன்னேன். எந்த நிறுவனத்துக்காக என்று கேட்டார்கள். ஆலைக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. மாமியாருக்காக என்று சொல்லவும் முடியாது. போன் பண்ணுகிறோம் என்றார்கள்.

இந்த வருஷம் தொடக்கத்தில் அக்கா போன் செய்தார். நான் கொடுத்த மூட்டைகள் தீர்ந்துவிட்டன. ஓர் ஓரம் தேறி வந்திருக்கிறது, புல்கூட முளைத்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் உரம் இருந்தால் குட்டையின் ஒரு கரையாவது முடியும். வாங்கித் தருகிறேன் என்று சொல்லி, வீட்டில் சொல்லாமல் ரயிலேறிப் போனேன். இரண்டு பேரும் உரம் வாங்கக் கூட்டுறவு சொசைட்டிக்குப் போனோம்.

கவுன்டரில் இருந்தவர் ஆதாரை வாங்கிக்கொண்டு, நிலத்துக்குச் சிட்டா இருக்கிறதா என்று கேட்டார். அக்காவுக்கு எந்தக் காலத்திலும் நிலம் இருந்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் மாமியாரின் பேரைச் சொன்னேன். கவுன்டர்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, அது கம்பெனி பேருக்கு மாறிவிட்டதே என்றார். யூரியா தட்டுப்பாடு, நிலம் இருப்பவர்களுக்கே முறை வைத்துத்தான் தருகிறோம் என்று விளக்கினார். கடைசியில், எந்தப் பயிருக்கு என்று தன்மையாகவே கேட்டார்.

எனக்கு அதற்குப் பதில் தெரியும். படித்திருக்கிறேன், செய்தும் பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லி ஆதாரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

தனியார் கடையில் யூரியா இருந்தது. அதோடு கூட வேறு இரண்டு மருந்து டப்பாக்கள் வாங்கினால்தான் கொடுப்போம் என்றார்கள். அக்கா வேண்டாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வெயில் ஏறியிருந்தது. இரண்டு பேரும் ஒரு ஜூஸ் கடையில் தண்ணீர் குடித்தோம். அக்கா பஸ் ஏறினார். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

புல் முளைத்திருக்கும் அந்த ஓரம் வரைக்கும் ஆடுகள் வந்து மேய்கின்றனவாம். அதற்கு அப்பால் போவதில்லை.